என் தங்கை சாக்ஸ் போட்டுக்கொண்ட கதை

நாவலூர் பிசியோதெரபி கிளினிக்கில் அந்த மேஜைமேல் என்னைப் படுக்கவைத்துக் கட்டியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நெஞ்சுக்கூட்டைச் சுற்றி ஒரு பெல்ட், இடுப்பெலும்பைச் சுற்றி இன்னொரு பெல்ட். மேஜை நடுவில் இரண்டாகப் பிரியும். கால்மாட்டில் இருக்கிற பெட்டி இடுப்பு பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுக்கும், சற்று நேரம் அப்படியே நிறுத்தி வைத்திருக்கும், பிறகு தளர்த்தும். மறுபடி இழுக்கும். கையில் ஒரு பட்டனைக் கொடுத்துவிடுவார்கள். தாங்க முடியவில்லை என்றால் அதை அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். நடுரோட்டில் நின்றுபோன வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்துப்போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என்னையே ஒருநாள் அப்படி இழுப்பார்கள் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் வீடு. அங்கிருந்து பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போவதும் இறக்கிவிடுவதும்தான் என் வேலை. எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேகத்தடைக்கு வேகத்தடை தூக்கிப் போட்டதில் ஒருநாள் இடுப்பில் சுரீரென்று ஏதோ பிடித்தது. பிடித்தது விடவில்லை. இடுப்பிலிருந்து வலது பிட்டம், தொடைக்குப் பின்புறம், கெண்டைக்கால் என்று ஒரு கோடு போட்டதுபோல வலி இறங்கியது. தும்மினால் உயிர் போய் வரும். கக்கூசில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தது, தெரிந்துகொண்டேன்.

"இம்மாம் வலிய வெச்சிகினு எதுக்கு வண்டி ஏறுற? நீ ஒருத்தன் ஓட்டலன்னா கம்பெனியே நின்னுடுமா?" என்று என் மனைவி தினமும் காலையில் கத்துவாள். கத்திக்கொண்டே முதுகில் தைலமும் தேய்ப்பாள்.

செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்ததில் எலும்புக்கு எலும்பு நடுவில் இருக்கிற சவ்வு ஒன்று பிதுங்கி நரம்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். என் பஸ்ஸில் வருகிற ஒருவர்தான் நாவலூரில் கத்தியில்லாமல் மெஷினால் இழுத்துச் சரிசெய்கிறார்கள் என்று சொன்னார். போனேன். அங்கே வைத்தியம் பார்த்தது என் மகள் வயதுப் பெண். பொறுமைசாலி. பெட்டி மெதுவாக இழுக்கும்போது எலும்புகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் கிடைக்கும், பிதுங்கின சவ்வு உள்ளே வாங்கிக்கொள்ள வழி உண்டாகும், எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டது.

"குனியாதீங்க அண்ணா, பாரம் தூக்காதீங்க, ரொம்ப நேரம் உக்காராதீங்க. கால்ல பலம் கொறையற மாதிரி இருந்தாலோ, ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது மாறுதல் தெரிஞ்சாலோ உடனே வாங்க. காத்துகிட்டு இருக்காதீங்க."

"உக்காராம எப்டிம்மா பஸ் ஓட்றது? நின்னுகினா?" என்றேன். அந்தப் பெண் சிரித்தது. நானும் சிரித்தேன். சொன்னதில் பாதி அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

பக்கத்து மேஜையில் ஒரு ஐடி பையன். அவனுக்குக் கழுத்து. தாடைக்கும் பிடரிக்கும் பட்டி மாட்டி இழுப்பார்கள். "உங்களுக்கு ஸ்டியரிங், எனக்கு லேப்டாப்ண்ணா" என்பான். கைவிரல் வரைக்கும் மரத்துப்போயிருந்தவன் கொஞ்ச நாளில் தலையை நன்றாகத் திருப்பி எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனான். எனக்கும் மேஜையில் கிடக்கிற நேரமெல்லாம் சுகமாகத்தான் இருந்தது. ஏசி குளிரில் தூங்கிக்கூடப் போவேன். இறங்கி, வண்டலூர் வழியாக இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்வதற்குள் வலி எனக்கு முன்னால் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும். மறுநாள் விடியலில் ஸ்டியரிங்.

இங்கே என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

என் தங்கை காலால் பிறந்தவள். பிரசவத்தில் தலைக்குப் பதில் கால் முன்னால் வந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் பாதத்தால் முதுகை வழித்துவிட்டால் இடுப்புப் பிடிப்பு போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து குப்புறப் படுக்க வேண்டும். அவள் வலது பாதத்தால் மேலிருந்து கீழாக வழித்துவிடுவாள். அதற்குக் காசு வாங்கக் கூடாது, வாங்கினால் பலிக்காது. வந்தவர் பெரியவராக இருந்தால், கால் பட்ட பாவம் தீர அவர் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். எழுந்தவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

எங்கள் சொந்த ஊர் படாளம். அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். நைனா அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டப் போவார். தங்கை பிறந்த அன்று நான் மூன்றாம் வகுப்பு. காலையில் அம்மாவுக்கு வலி கண்டதும் என்னை வெளியே துரத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டு வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பொத்தினாலும் கேட்டது. அம்மா போட்ட சத்தத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெயில் உச்சிக்கு வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. பிரசவம் பார்க்க வந்த அம்மாள் வெளியே வந்து, "காலு மின்னால வந்துட்ச்சு, தல மாட்டிகிச்சு" என்று நைனாவிடம் சொன்னாள். மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டிராக்டர் வந்து நின்றபோது அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். குழந்தை மட்டும் பிழைத்தது.

தாயை முழுங்கிவிட்டு வந்தது என்று தெருவே பேசியது. ஊரார் வாயை மூட உலைமூடி ஏது? நைனா அந்தப் பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அத்தைதான் தூக்கி வைத்திருந்தாள். அப்போது நடவுக்குப் போய் இடுப்புப் பிடித்துக்கொண்ட ஒரு பெண் வந்து, பச்சைப்பிள்ளையின் காலை எடுத்துத் தன் முதுகில் தேய்த்துக்கொண்டாள். மறுநாள் அவள் நிமிர்ந்து நடவுக்குப் போனாள். அதோடு தெருவின் பேச்சு மாறியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் பிள்ளைக்கு முத்தமும் கொடுத்தார்கள். நைனா ஒருநாள் அவள் பாதத்தைத் துடைத்துவிட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

அவள் வளர்ந்தது அந்தப் பாதத்தை வைத்துத்தான். காலையில் வாசலில் நாலு பேர் காத்திருப்பார்கள். எல்லாரையும் வழித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போவாள். "இன்னா டாக்டரம்மா, இன்னிக்கு எத்தினி பேர ஒதச்ச?" என்று நான் கிண்டல் செய்வேன். "உனுக்கும் ஒண்ணு வேணுமா?" என்று காலைத் தூக்குவாள். சில நேரம், ஒன்றும் இல்லாத நேரத்தில், அருகில் வந்து கேட்பாள்: "ண்ணா, நான் பொறக்கசொல்ல அம்மா கத்துச்சா?" "போய் வேலயப் பாரு பாப்பா" என்று தள்ளிவிடுவேன். அவளை நான் அன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிட்டேன், இன்றைக்கும் அப்படித்தான்.

கல்யாணமாகி மாமல்லபுரம் போனாள். மச்சானுக்குக் கடலோர ரிசார்ட் ஒன்றில் தோட்ட வேலை. அவளும் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யப் போகிறாள். அங்கேயும் அவள் கால் பேர் வாங்கியது. நாள் முழுக்கக் குனிந்து கல் செதுக்குகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், மீன் கூடை தூக்குகிற பெண்கள் என்று அந்த ஊரில் இடுப்புக்கா பஞ்சம்? ஊரை விட்டு வந்தாலும் அவள் கால் அவளுக்குச் சோறு போடாவிட்டாலும் மரியாதை போட்டது.

நான் மட்டும் அவளிடம் முதுகைக் காட்டியதில்லை. நம்பிக்கை இல்லாமல் இல்லை. கூடப்பிறந்தவளிடம் போய்க் குப்புறப் படுக்க என்னவோ கூச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் கட்டிலிலிருந்து கழிவறைக்குத் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தேன். மீன் பையை அப்படியே போட்டுவிட்டாள்.

"அய்யய்யோ! இன்னாண்ணா இது, கொயந்தயாட்டம் தவுந்துகினு கீற? அண்ணி, ஒரு போன் பண்ணக்கூடாதா நீ?"

"நாவலூர் போய்கினுதான கீறேன். மெஷின்ல இஸ்துகினு கீறாங்க. சரியாப்பூடும்" என்றேன்.

"மெஷினு இஸ்க்கட்டும், வோணான்னு யாரு சொன்னா? ஊருல கீறவனுக்கெல்லாம் வழிச்சி வுட்றேன், எங்கூடப் பொறந்தவனுக்கு வழிக்கக் கூடாதா? நாளைக்குக் காலைல நாஸ்தா துன்னாத. நான் இங்கயே தங்கிக்கறேன்."

மறுநாள் விடியலில் குப்புறப் படுத்தேன். அவள் பாதம் முதுகில் பட்டபோது சில்லென்று இருந்தது. பாரமே இல்லை. அம்மாவை நினைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. வழித்துவிட்டு, என் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் விழித்தேன். வலி இல்லை. புரண்டு பார்த்தேன், இல்லை. தும்மிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. எழுந்து நின்று என் மனைவியைத் தூக்கிச் சுற்றப் போனேன். "விடுய்யா, இன்னா கூத்து இது!" என்று கத்தினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேசரி கிண்டினாள். பாப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நெசமாவாண்ணா? நெசமாவா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் தங்கை புராணம் பாடினேன். நாவலூரிலிருந்து அந்தப் பெண், நான் ஏன் வரவில்லை என்று கேட்டுப் போன் செய்தபோது, "எங்க வூட்லயே ஒரு டாக்டர் கீதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பதிலைக்கூட முழுதாகக் கேட்கவில்லை.

அந்த வாரத்தில் வலது கால் செருப்பு அடிக்கடி கழன்று கழன்று விழுந்தது. நடந்து போவேன், செருப்பு பின்னால் கிடக்கும். நான் அதைத் திட்டிவிட்டுக் குதிகாலுக்கு வார் வைத்த புதுச்செருப்பு வாங்கினேன். வாசற்படியில் விரல் தட்டி ஒருமுறை விழப்பார்த்தேன். வாசற்படியையும் திட்டினேன். வலி போன சந்தோஷத்தில் இருப்பவனுக்குச் செருப்பும் வாசற்படியும் ஒரு பொருட்டா? வலி போவதும் கெட்ட சேதியாக இருக்கும் என்று எவன் நினைப்பான்?

பஸ் காட்டிக்கொடுத்தது. ஜிஎஸ்டி ரோட்டில், காலை ஷிப்ட், வண்டி நிறையப் பெண்கள். முன்னால் ஒரு லாரி நின்றது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கில் வைக்கப் பார்த்தேன். கால் எழும்பவில்லை. தூக்கு என்று நான் சொல்கிறேன், அது யாருடைய காலோ போலக் கிடக்கிறது. கையால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். எல்லாரும் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டார்கள். லாரிக்கும் எங்களுக்கும் ஒரு முழம்கூட இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். "இன்னா டிரைவரே, தூக்கமா?" என்று யாரோ கேட்டார்கள். நான் இறங்கி ஓரத்தில் நின்று மேனேஜருக்குப் போன் போட்டேன், வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த சீட்டில் நான் ஏறவில்லை.

நாவலூரில் அந்தப் பெண் என்னை உட்காரவைத்து, கட்டைவிரலைத் தூக்கச் சொன்னது. தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் அது அசையவே இல்லை. பாதத்தின் மேல்பக்கம் பஞ்சால் தடவி, "தெரியுதா அண்ணா?" என்று கேட்டது. தெரியவில்லை.

"வலி எப்போ போச்சு?"

சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறியதை மறக்க முடியாது.

"நரம்பு ரொம்ப நசுங்கிட்டா வலியும் போயிடும், பலமும் போயிடும் அண்ணா. அது குணமானது இல்ல. இதுக்கு இனிமே இந்த மெஷின் கூடாது. இன்னிக்கே போய் சர்ஜனைப் பாருங்க" என்றது. சொல்லிக்கொண்டே சர்ஜனுக்குக் கொடுக்கச் சீட்டு எழுதியது. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

செங்கல்பட்டில் ஆபரேஷன் நடந்தது. எதற்குப் பயந்து எழுந்து ஓடினேனோ அதே ஆபரேஷன். நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் பாதம் திரும்பி வரவில்லை. நடந்தால் முன்பாதம் தொங்கித் தரையைத் தேய்க்கிறது. அது தொங்காமல் இருக்க கெண்டைக்காலிலிருந்து உள்ளங்கால்வரை பிளாஸ்டிக்கில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், பட்டி போட்டு ஒட்டிக்கொள்கிறேன். இப்போது ஷெட்டில் வண்டி போகிற வருகிற நேரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மற்றவர்கள் ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டால் கால் துடிக்கும் என்று சொல்ல ஆசைதான். துடிக்காது.

டாக்டரிடம் நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: தங்கை காலால் வழித்தாள், அதனால் ஏதாவது? அவர் தலையை ஆட்டினார். பல நாளாகவே நசுங்கிக்கொண்டிருந்த நரம்பு அது, லேசாகப் பாதம் பட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எனக்குப் புரிந்தது. பாப்பாவுக்குத்தான் புரியவில்லை.

ஆபரேஷன் ஆன என்னைப் பார்க்க அவள் வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று தொங்கிய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. மச்சான்தான் ஒருநாள் கூப்பிட்டார்.

"மச்சான், உன் தங்கச்சி ஒரே பேஜாரா கீதுப்பா. கால்ல சாக்ஸ் மாட்டிகினு கீது. வூட்லயும் கயட்றது இல்ல, தூங்கசொல்லயும் கயட்றது இல்ல. இந்த வெயில்ல கடற்கரைல எவனாவது சாக்ஸ் போடுவானா? வேல செய்ற எடத்துல சிரிக்கிறாங்க. வழிச்சிவுட சொல்லி யாருனா வந்தா கதவ சாத்திக்குது. நீ ஒரு வாட்டி வந்துட்டுப் போ."

செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற முதல் பஸ்ஸைப் பிடித்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தேன், பழக்கம். இறங்கிச் சந்துக்குள் நடந்து போகும்போது ஒரு கால் ஒரு சத்தம், மறுகால் வேறு சத்தம். பாப்பா வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டும் நிமிரவில்லை. காலில் சாம்பல் நிறச் சாக்ஸ், அதன்மேல் ரப்பர் செருப்பு. மீன் தண்ணீர் பட்டு நுனி நனைந்திருந்தது.

"இன்னா பாப்பா, குளுருதா?" என்றேன்.

சிரிக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொன்னது அத்தனையும் சொன்னேன். நரம்பு, சவ்வு, பல நாள் நசுங்கியது, அந்த ஐடி பையனுக்கு மெஷினில் சரியானது, எனக்கு ஆகாமல் போனது, எல்லாம். பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துகொண்டு வந்தது. அவள் கடைசிவரை கேட்டாள்.

"படிச்சவங்க சொல்லுவாங்கண்ணா. வந்தப்ப அம்மாவத் துன்னேன். இப்ப உன் காலத் துன்ட்டேன். இந்தக் காலு யார் மேலயும் படக்கூடாது. அவ்ளோதான்."

"பைத்தியமாடி உனுக்கு? உன் காலு பட்டு எத்தினி பேரு நிமுந்து போனாங்க, அத்த நெனச்சுப் பாக்கமாட்டியா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வேலித் தட்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சிற்பக் கொட்டகையில் சிலைக்கு மெருகு போடுகிறவள், கையெல்லாம் கல்மாவு. ஒரு கை இடுப்பில் இருந்தது.

"யக்கா, நிமுர முடியலக்கா. ஒரே ஒரு வாட்டி வழிச்சி வுடு. காலைலேந்து ஒரு வா காப்பிகூட குடிக்கல."

"நான் வழிக்கறது இல்லம்மா, எத்தினி வாட்டி சொல்றது?"

"அப்டி சொல்லாதக்கா. போன வருசம் எங்க வூட்டுக்காரரு உன்னாலதான எழுந்து நடந்தாரு?"

"அது தானா சரியாயிருக்கும். நான் காலால பொறந்தவளே இல்ல. எங்க ஊர்ல யாரோ கெளப்பிவுட்ட கத அது. தோ, எங்க அண்ணன் கீது. நான் பொறக்கசொல்ல அங்கதான் இருந்துச்சு. அண்ணனயே கேளு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று அப்போதுதான் முதல்முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள்.

"நீயே சொல்லு அண்ணாத்த."

அன்று அங்கே இருந்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். நைனா இல்லை, அத்தை இல்லை, பிரசவம் பார்த்த அம்மாளும் இல்லை. உள்ளது உள்ளபடி சொன்னால் இவள் இந்தச் சாக்ஸுக்குள்ளேயே கிடந்து செத்துப்போவாள். இல்லை என்று சொன்னால் தாயை முழுங்கியவளை மனுஷியாக்கிய அந்தப் பாதம் இன்றோடு போச்சு. இத்தனை வருஷம் ஊரையே ஏமாற்றினாள் என்று சொல்வார்கள். வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கேட்டதெல்லாம்கூட இல்லை என்றாகிவிடும். அம்மாவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

"ஆமாம்மா" என்றேன். "தலையாலதான் பொறந்தா. நான் அங்கதான் இருந்தேன்."

அந்தப் பெண் பாப்பா பக்கம் திரும்பினாள். "அப்ப இத்தினி நாளா டபாய்ச்சிகினு இருந்தியாக்கா?" என்று கேட்டாள். பாப்பா குனிந்து மீனைக் கழுவினாள். "வலி வுடலன்னா டாக்டராண்ட போம்மா. திடீர்னு தானா போய்ட்ச்சுன்னா அன்னிக்கே போ" என்று நான்தான் சொன்னேன். அவள் என் காலில் இருந்த பிளாஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே போய்விட்டாள். இன்று சாயங்காலத்துக்குள் கொட்டகை முழுக்கச் சேதி போய்விடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பாப்பா மீன் சட்டியைத் தள்ளி வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு என் அருகில் வந்து உட்கார்ந்தாள். செத்த என் பாதத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்திருப்பதைக் கண்ணால்தான் பார்த்தேன்.

"ண்ணா."

"இன்னா பாப்பா?"

"நெசமா தலையாலதான் பொறந்தேனா?"

"ஆமா."

"அம்மா கத்துச்சா?"

சின்ன வயதில் கேட்ட அதே கேள்வி. தலையில் நரை விழுந்த பிறகும் அதே குரலில் கேட்டாள். போய் வேலையைப் பார் என்று இந்த முறை சொல்ல முடியவில்லை.

"இல்ல பாப்பா. ஒரு சத்தம் கேக்கல. நான் வெளிலயேதான குந்திகினு இருந்தேன்? கேட்டிருக்குமில்ல?"

நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அம்மா பட்ட பாட்டை இல்லை என்று சொன்னவன் அவள் பெற்ற பிள்ளை. அம்மா மன்னிப்பாளா தெரியவில்லை. இந்தப் பிள்ளைக்காகத்தான் அவள் அந்தப் பாடு பட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன், வேறு என்ன செய்ய?

பாப்பா குனிந்து சாக்ஸை ஒவ்வொன்றாக உருவினாள். பல நாள் காற்றுப்படாத பாதம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். நான் இந்த முறை காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"சோறு ஆக்கறேன், துன்ட்டுதான் போவணும்" என்று சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே போனாள்.